நூற்றிருபது எண் ஜெட்

மேம்பாலத்தில் பாதி ஏறியதும் கார் இருமும், பிறகு நின்றுவிடும். பின்னால் வரும் லாரிக்காரர்கள் தெலுங்கில் எங்கள் வம்சத்தையே விசாரிப்பார்கள். மூன்றாவது முறை நின்ற அன்று அப்பா முடிவு கட்டிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை எளாவூரிலிருந்து பழைய இரும்பு வாங்கும் வண்டி வரும், அம்பாசடர் அதில் ஏறும். ஊத்துக்கோட்டையில் அவர் வாடகைக்கு ஓட்டிய கார் அது. "இன்ஜின் செத்துப்போச்சும்மா" என்றார். காரைக் காப்பாற்ற எனக்கு ஆறு நாள் இருந்தது.

கார்புரேட்டரைப் பிரித்தேன். பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட் கையில் வந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன பித்தளைத் திருகு, நடுவே ஒரு துளை, உள்ளே கறுத்துப்போன பிசுக்கு. தலையில் 120 என்று பொறித்திருந்தது. அதாவது துளை 1.20 மில்லிமீட்டர்.

வேறு யாராக இருந்தாலும் அந்த எண்ணைச் சொல்லிப் புதுசு வாங்கியிருப்பார்கள். நான் சிப்காட்டில் தரப் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். எழுதியிருப்பதை நம்பாதே, அளந்து பார் என்பதுதான் எங்கள் வேதம். சாப்பாட்டு இடைவேளையில், துளை அளக்கும் ஊசிகள் இருக்கும் 'பின் கேஜ்' பெட்டியைத் திறந்து, ஊசி ஊசியாக நுழைத்துப் பார்த்தேன். 1.00 போனது. 1.01 போகவில்லை. ஆக, எண் பொய். இத்தனை வருடம் ஓடியது இந்தத் துளையில்தான், அதே அளவில் சுத்தமாக ஒன்று போட்டால் போதும் என்று தீர்மானித்தேன்.

திருவள்ளூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பழவேற்காட்டு பாயிடம் போய் நூறு எண் ஜெட் கேட்டேன். அவர் பழைய ஜெட்டை வெளிச்சத்தில் திருப்பினார்.

"இன்னாம்மா, மேலயே நூத்திருபதுன்னு போட்டுக்குதே?"

"அளந்துட்டேன் பாய். நூறுதான்."

கொடுத்தார். மாட்டினேன். கார் அதே மேம்பாலத்தில், எப்போதும் நிற்கும் விளக்குக் கம்பத்துக்கு எதிரிலேயே நின்றது. அப்பா போனை எடுத்து இரும்பு வண்டிக்காரரிடம் ஞாயிறு காலை எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பழைய ஜெட்டைத் தின்னரில் ஊறப்போட்டேன். மறுநாள் பிசுக்கு கரைந்ததும், போன் வெளிச்சத்தில் துளையைப் பார்த்தேன். அது வட்டமாக இல்லை. புருவம் திருத்தும் சாமணத்தால் கிள்ளி இழுத்தேன். இரண்டு தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பி, இரண்டு முனையும் மடக்கியபடி வெளியே வந்தது. நான் அளந்தது துளையை அல்ல, கம்பி போக மிச்சமிருந்த இடைவெளியை. எண் பொய்யே சொல்லவில்லை.

கம்பியை உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் காதைச் சொறிந்தார்.

"நான்தாம்மா உட்டேன். பெட்ரோல் கம்மியா போனா மைலேஜ் குடுக்கும்னு அப்போ எல்லா டிரைவரும் உடுவோம். நாப்பது ஸ்பீட்லயே போய்க்கினு இருந்தோம், ஒண்ணும் தெரியல. ஏத்தம் ஏறத்தான் பெட்ரோல் பத்தாது, அப்போ பாலம் ஏது?"

"நைனா, நீயே கழுத்த நெரிச்சிட்டு, செத்துப்போச்சுன்றியே."

கம்பி உரசி உரசி அந்தத் துளை ஒரு பக்கம் குழிந்திருந்தது. புதுசுதான் வேண்டும். கம்பெனியின் பின் கேஜ் பெட்டி கேட் பாஸ் இல்லாமல் வெளியே வராது. அதனால் சனிக்கிழமை 1.20, 1.25 என்று துளை போடும் ட்ரில் பிட் இரண்டு வாங்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பிட்டின் வழவழப்பான வால்தான் என் கேஜ். முதலாவது நுழைய வேண்டும், இரண்டாவது நுழையக் கூடாது. நூற்றிருபது என்று பொறித்த ஜெட்டுகளைச் செய்தித்தாளில் கொட்டச் சொன்னேன். ஒன்றில் இரண்டுமே நுழைந்தன. இன்னொன்றில் எதுவும் நுழையவில்லை. பாய் பொறுமையிழந்தார்.

"மாப்ளயக்கூட நீ இப்டி பாக்க மாட்ட தாயி."

ஆறாவது ஜெட் தேறியது. கிளம்பும்போது பாய், மிச்ச ஜெட்டுகளையும் அளந்து பார்க்க அந்த ரெண்டு பிட்டையும் கடையிலேயே விட்டுப் போகச் சொன்னார்.

ஞாயிறு காலை இரும்பு வண்டி வாசலில் நின்றது. பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். விளக்குக் கம்பம் வந்தது. அப்பாவின் கால், அவர் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்தது. கம்பம் பின்னால் போனது. உச்சியில் ஒரு டேங்கர் லாரியை முந்தினோம்.

"இன்னும் கொஞ்சம் மிதி" என்றார் அப்பா.

திரும்பி வந்ததும் அப்பா, இரும்பு வண்டிக்காரரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, துருப்பிடித்த பழைய ஜன்னல் கம்பிச் சட்டம் ஒன்றைத் தானே தூக்கி அவர் வண்டியில் போட்டார். நான் அந்தச் செம்புக் கம்பியையும் எடுத்துக் கொடுத்தேன். இரும்பைவிடச் செம்புக்கு விலை அதிகம்.