குதிரை ஜாடியின் பின்பக்கம்

எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மொத்தம் முப்பத்தொரு இதயங்கள். வேலை பார்க்கிறவர்களுடையதை நான் சேர்க்கவில்லை. லீவு கேட்டு ஆபீஸ் பக்கம் வந்து பாருங்கள், ஏன் சேர்க்கவில்லை என்று தெரியும். முப்பத்தொன்றும் உடற்கூறு அருங்காட்சியகத்தில் ஃபார்மலின் ஜாடிகளில் இருக்கின்றன. பட்டாணி அளவில் எலியுடையது, உருண்டையாக நாயுடையது, ஒரு டிரம் நிறைய, நுனி இரண்டாகப் பிரிந்த யானையுடையது. இவற்றுக்கெல்லாம் காவல் என் அக்கா புருஷன். அதே கல்லூரியில் நான் டைப்பிஸ்ட். ஜாடிகளின் எண்ணும் பெயரும் போட்ட சீட்டுகள் நான் அடித்தவை. ஒரு எழுத்துப்பிழை காட்டுங்கள் பார்ப்போம்.

அத்தானுக்குக் கல்லூரி வைத்த பெயர் 'ஜாடி'. அவர் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு ஜாடியும் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பெயர் முன்னால் தெரிய நிற்க வேண்டும். யாராவது விரலை நீட்டினால், "பாரு, தொடாத" என்பார். பேராசிரியரே நீட்டினாலும் அதே மரியாதைதான். வீட்டிலும் உப்பு, சர்க்கரை, டீத்தூள் எல்லாவற்றுக்கும் சீட்டு, எல்லாம் இரண்டு விரல் தள்ளி. "நல்லவேளை, என் நெத்தியில இன்னும் ஒட்டல" என்பாள் அக்கா.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் எல்லா ஜாடிக்கும் திரவம் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய சீட்டெல்லாம் உரித்தாகிவிட்டது. புதுச் சீட்டில் கடைசி இரண்டு கையில் இருந்தபோது நான் மூச்சிரைக்க ஓடிப்போய், "அத்தான், பொண்ணு பொறந்திருக்கு!" என்று கத்தினேன். மனுஷன் தலைகால் புரியாமல் இரண்டையும் ஒட்டிவிட்டு, கையுறையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நர்ஸ் வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

அந்தப் பெண் இப்போது எங்கள் கல்லூரியில் முதல் வருடம். போன மாதம் செய்முறைத் தேர்வு. ஜாடிகளைக் கூடத்து நடு மேசையில் வைத்து, சீட்டில் எண் மட்டும் தெரிய, பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். எது எந்த மிருகம் என்று பிள்ளைகள் எழுத வேண்டும். பதினேழாம் ஜாடிக்கு அவள் 'மாடு' என்று எழுதினாள். பதிவேட்டில் இருந்தது 'குதிரை'. எங்கள் துறைத்தலைவர் இதயத்தைப் பார்த்துத் திருத்துகிற ஆளில்லை, பதிவேட்டைப் பார்த்துத் திருத்துகிறவர். இரண்டு மார்க்கில் ஃபெயில். மறுதேர்வு கிடையாது, ஒரு வருடம் போச்சு.

அன்று வீட்டில் அத்தான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"முப்பத்தொரு ஜாடியையும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கிறேன். என் பொண்ணுக்கு மாடு எது, குதிரை எதுன்னு தெரியல! உனக்கெல்லாம் எதுக்குடி டாக்டர் படிப்பு?"

"அப்பா, மேசையைச் சுத்திவந்து பாத்தேன். பின்பக்கம் மூணாவதா ஒரு பள்ளம் இருந்துச்சு. குதிரைக்கு ரெண்டுதான். மாட்டுக்குத்தான் மூணு."

"வாய மூடு!"

மூன்று நாள் மகளிடம் பேசவில்லை. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் காலையில் அவர் அருங்காட்சியகத்தைத் திறந்து, பதினெட்டு வருடமாகச் சுவரைப் பார்த்து நின்ற குதிரையின் பின்பக்கத்தைத் திருப்பினார். என்னைக் கூப்பிட்டார். விரலை வைத்து எண்ணினார். மூன்று. பக்கத்தில் 'மாடு' ஜாடியைத் திருப்பினார். இரண்டு. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க அத்தான், வெளிய தெரிஞ்சா உங்க பேர் கெட்டுடும்" என்றேன். நானும் இதே ஆபீஸ் ஆள்தானே, வேறெப்படிப் பேசுவேன்?

அவர் 'குதிரை' ஜாடியைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"ஐயா, இது மாடு. சீட்டை மாத்தி ஒட்டினது நான்தான். அந்தப் பொண்ணு எழுதினது சரி."

தலைவருக்கு முகம் செத்துவிட்டது. அவர் எழுதிய படக் கையேட்டில் முப்பதாம் பக்கத்தில் 'குதிரையின் இதயம்' என்று முழுப்பக்கப் படமாக இருப்பது இதே ஜாடிதான். "உளறாதய்யா! பொண்ணு ஃபெயிலானதும் குதிரை மாடாயிடுச்சா? புத்தகமே வந்தாச்சு. இது குதிரைதான்!"

அத்தான் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். எவரையும் தொடவிடாத மனுஷன், மூடியைத் திறந்து, இதயத்தைத் தட்டில் வைத்து, பெரிய ரத்தக்குழாய் கிளம்புகிற இடத்தில் அறுத்தார். கத்தி 'கரக்' என்று நின்றது. தோண்டி எடுத்துத் தலைவரின் கையேட்டின் மேலேயே வைத்தார். சுண்டுவிரல் நீளத்தில் ஓர் எலும்பு.

மாட்டின் இதயத்துக்குள் எலும்பு உண்டு. அதே இடத்தில் குதிரைக்கு இருப்பது குருத்தெலும்புதான். இது தலைவரின் கையேட்டிலேயே முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதினவர் படித்திருக்கலாம்.

தலைவர் எலும்பை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு பெரிய தப்பு எப்படிய்யா பண்ணின?"

"அன்னைக்குத்தான் ஐயா அவ பொறந்தா."

அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அவளுக்கு மார்க் கிடைத்தது. பாஸ். கையேட்டில் ஒட்ட 'அச்சுப்பிழை' என்று துண்டுச்சீட்டு வந்தது. பழி அச்சுக்காரன் தலையில். அத்தானுக்குக் கவனக்குறைவுக்காக மெமோ, கூடவே கல்லூரி மாட்டுக்கொட்டகைக்கு மாற்றல். எல்லாவற்றையும் நான்தான் அடித்தேன், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.

முதல் நாள் சாயங்காலம் மகள் கொட்டகைக்கு வந்தாள். அத்தான் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, பையிலிருந்து அந்த எலும்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது.

"நீ சுத்திவந்து பாத்த. நான் பாக்கல" என்றார்.

அவள் எலும்பை மூடிப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள்.