சந்திரமதி பிரித்த ஓட்டு

மலேசியாவின் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவைத் தாண்டிப் போனால் தாமான் கெமுனிங் வரும். அடுக்குமாடிகளும் தரைவீடுகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் புறநகர்ச் சட்டமன்றத் தொகுதி அது. எந்தக் கட்சியும் அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்ததில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் நூலிழையில் கை மாறும். அதனால் தேர்தல் வந்துவிட்டால் இரு தரப்புப் பெரிய தலைகளும் அங்கேதான் டேரா போடுவார்கள்.

அந்த இரண்டில் ஒரு கட்சியின் மகளிர் பிரிவில் சந்திரமதி வெகுநாளாக இருந்தாள். குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு ஜொகூர் பாருவுக்கு மின்னணுத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, இப்போது அங்கே சூப்பர்வைசர். தேர்தல் காலத்தில் கொடி கட்டுவது, கதவு தட்டுவது, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் கிளறுவது எல்லாம் அவளும் அவள் தோழிகளும்தான்.

அவர்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டுக்கும் எதிர்ப்புறச் சந்தைக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. பள்ளிக்கூடமும் கிளினிக்கும்கூட அந்தப் பக்கம்தான். கடப்பதற்கு ஜெஜாந்தாஸ், அதாவது நடைபாலம், கட்டித் தருகிறோம் என்று சொல்லாத வேட்பாளரே கிடையாது. பாலம்தான் வரவில்லை. அதற்குள் கீழ்வீட்டுக் கிருஷ்ணம்மா சந்தைக்குப் போகும்போது லாரி மோதி ஒரு காலை இழந்தாள்.

சென்ற மாநிலத் தேர்தலுக்கு முன்பு, கோலாலம்பூரிலிருந்து இறக்கிய ஒரு வக்கீலை வேட்பாளர் என்று கிளைத் தலைவர் சபாபதி அறிமுகப்படுத்தினார். சந்திரமதி எழுந்து நின்றாள்.

“அண்ணே, பாலத்த பத்தி இவரு என்ன சொல்றாரு?”

“அதெல்லாம் ஜெயிச்சப்புறம் பேசிக்கலாம்மா. நீங்க சாப்பாட்ட பாருங்க. நாளைக்கு முந்நூறு பேரு வராங்க.”

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த கிருஷ்ணம்மா மட்டும் சிரிக்கவில்லை. சந்திரமதி அடுப்படிக்குப் போகவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

மறுநாள் சிங்கப்பூர் வேலையிலிருந்து திரும்பிய கணவன் காளியப்பனிடம், “நான் சுயேச்சையா நிக்கப் போறேன்” என்றாள்.

சிங்கப்பூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் நெரிசலில் வெந்து வந்த மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அலமாக்! ஊரே சிரிக்கும்லா.”

“நேத்தே சிரிச்சிட்டாங்க. இனி புதுசா என்ன இருக்கு?”

வேட்புமனுவை முன்மொழிய ஃப்ளாட்டுக்குக் கீழே உணவுக்கடை வைத்திருந்த ஹபீபா வந்தாள். கடைக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்களே, வியாபாரம் கெடாதா என்று சந்திரமதியே கேட்டாள். “டீ குடிக்க வர்றவன் வருவான். மொறைக்க வர்றவன் போவட்டும்” என்று ஹபீபா கையெழுத்துப் போட்டாள்.

மேடையும் மைக்கும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் சாலையோரம் நின்றார்கள். சந்திரமதி சிவப்புத் துணியை வீசி வண்டிகளை நிறுத்தினாள். மலாய்த் தாய்மாரும் சீனக் கிழவர்களும் கூடவே கடந்தார்கள். கடந்தவர்களிடம் அவள் மலாயில் ஒரே பேச்சுதான் பேசினாள்: “இந்த ரோட்ட நம்மளோட சேந்து ஒரு தடவ நடந்து கடக்கச் சொல்லுங்க, அந்த ரெண்டு கட்சி வேட்பாளரையும்.” இருவருமே வரவில்லை.

அவள் பக்கம் ஆள் சேர்வது தெரிந்ததும் சபாபதி வீட்டுக்கே வந்தார்.

“ஓட்டப் பிரிக்காத, மதி. நம்மாளு தோத்தா பழி ஒன் தலையிலதான். ஒதுங்கிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ஒனக்கு நகராட்சில ஒரு பதவி பாத்துத் தரேன்.”

“எனக்குப் பதவி வேணாண்ணே. பாலம் வேணும்.”

அவர் போன மறுநாளே எதிர்க்கட்சி ஆள் ஒருவன் பழக்கூடையோடு வந்தான். அவளுக்குப் பதாகை அடித்துத் தருகிறார்களாம், கார் தருகிறார்களாம். அவள் எத்தனை ஓட்டு வாங்குகிறாளோ அத்தனை அவர்களுக்கு லாபம். கூடையைக் கீழே வைக்கக்கூட விடாமல் சந்திரமதி கதவைச் சாத்தினாள்.

வாக்கு எண்ணும் மண்டபத்தில் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். கடைசியில் வக்கீல் தோற்றார். அவர் தோற்ற வித்தியாசத்தைவிட சந்திரமதி வாங்கிய ஓட்டு பல மடங்கு. வெளியே கார் நிறுத்துமிடத்தில் சபாபதி எல்லார் முன்னாலும் கத்தினார்.

“எங்க ஓட்ட தின்னுட்டியே! துரோகி!”

காளியப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை.

“ஒங்க ஓட்டா? யாரு வீட்டுப் பத்திரத்துல எழுதியிருக்கு? அவங்க ஒங்களுக்குப் போட்டப்ப அது ஒங்களுது. எனக்குப் போட்டாங்க, இப்ப என்னுது. நான் எதையும் பிரிக்கல. நீங்க எடுத்துக்காம விட்டீங்க.”

சபாபதி காரில் ஏறிக் கதவை அறைந்தார்.

அதன் பிறகு சில மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. கட்சித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். கோயில் அன்னதானத்தில் அவளைக் கண்டதும் கரண்டி பிடித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்திரமதி தட்டை நீட்டியபடியே நின்றாள், அவர் திரும்பிப் பரிமாறும் வரை.

ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள். அடுத்த முறை சந்திரமதி வாங்கிய அந்த ஓட்டு யார் பக்கம் சாய்கிறதோ அவர்களுக்குத்தான் தொகுதி. எல்லாரும் ‘ஒய்.பி.’ என்று அழைக்கும் புதிய சட்டமன்ற உறுப்பினர் சாலையை அளக்க ஆள் அனுப்பினார். தோற்ற கட்சியோ, எங்கள் நெருக்குதலால்தான் வேலை நடக்கிறது என்று பேனர் கட்டியது. தூண்கள் எழுந்தன, பாலம் வந்தது.

திறப்பு விழாவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. கிருஷ்ணம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவளே போனாள். பாலத்துக்கு இரு பக்கமும் வெறும் படிக்கட்டு. சரிவுப்பாதை கிடையாது. ரிப்பன் வெட்டிவிட்டுப் படமெடுத்துக்கொள்ளத் திரும்பிய உறுப்பினர் முன்னால் நாற்காலியை நிறுத்தினாள்.

“ஒய்.பி., கால் போனவங்களுக்காக கேட்ட பாலம் இது. இவங்க எப்படி ஏறுவாங்க?”

“பாப்போம்மா, அடுத்த பட்ஜெட்ல...”

“எந்த வருஷ பட்ஜெட்டுனு இப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லுங்க” என்றாள்.

அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கைபேசியைப் பார்த்தான்.

“சரி, ஆர அமர யோசிங்க” என்றாள் சந்திரமதி. “அடுத்த தேர்தல்லயும் நான் நிக்கிறேன்.”

கிருஷ்ணம்மா கையைத் தட்டினாள். கூட்டத்தில் அங்கங்கே இன்னும் சிலர் தட்டினார்கள். சபாபதியின் மனைவியும் அதில் ஒருத்தி.