ஒருவாய்க்காரர்

வாயில் வாங்கிய கள்ளை உடனே விழுங்க மாட்டார் கலியாணசுந்தரம். கண்ணை மூடிக்கொண்டு இடக் கன்னத்துக்கு ஒரு தரம், வலக் கன்னத்துக்கு ஒரு தரம் ஒதுக்கி, நாக்குக்கு அடியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார். பத்து பெரெண்டாம் தோட்டத்துக் கள்ளுக்கடையின் பெஞ்சுகளில் இருக்கும் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் கோப்பையை மறந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கும்.

"பொன்னுதுரை, மரம் நல்ல மரம். பாளையும் எளசு. ஆனா நேத்து மண்டியக் கழுவாம அது மேலயே இன்னிக்குக் கள்ள ஊத்திருக்க. ராசா வீட்டுப் புள்ளைக்குக் கந்தலக் கட்டி விட்டுட்டியே, பாவி!"

கடைக்காரர் பொன்னுதுரை தலையைச் சொறிவார். "காலையில மழைண்ணே. பீப்பாயக் கழுவ நேரமில்ல."

தீர்ப்புச் சொல்லி முடிந்ததும் மங்குக் கோப்பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவார். கோப்பையில் முக்காலுக்கு மேல் அப்படியே இருக்கும். ஒரு வாய்தான். இரண்டாவது வாய் என்ற பேச்சே கிடையாது. மலாக்காவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 'ஒருவாய்க்காரர்' என்றால்தான் அவரைத் தெரியும். பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடத்துக்கு அடிதடி நடக்காத குறை.

கள்ளை ருசி பார்ப்பது அவர் உத்தியோகம் அல்ல. தகவல் இலாகாவின் படவண்டியில் அவர் தமிழ் அறிவிப்பாளர். வீடு மலாக்கா டவுனை ஒட்டிய கஜா பெராங்கில். வாரத்தில் நாலு நாள் வண்டியோடு ஊர்சுற்றல்தான். தோட்டத்துத் திடலில் திரையைக் கட்டிவிட்டு, இருட்டும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். வண்டி போய்ச் சேர்வது ஐந்து மணிக்கு. இருட்ட ஏழு மணியாகும். கள்ளுக்கடை திறந்திருப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துக் கொடுத்தது கவர்மெண்டு. அவர் என்ன செய்வார்?

உஜோங் பாசிர் கள்ளை அவர் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவார். "கடக்கரைத் தென்னை. உப்புக் காத்தக் குடிச்சு வளந்தது. தொண்டையில நிக்காது, ஓடிரும்." குருபோங் கள்ளுக்கு வேறு குணம். "மேட்டு மண்ணுக் கள்ளு. மொத வாயிலயே தோள்ல கையப் போட்டு, எப்ப வந்தன்னு கேக்கும்." இன்னொரு தோட்டம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அங்கே ருசி பார்த்துவிட்டு அவர் சொன்னது: "கள்ளுல தண்ணியக் கலப்பான், பாத்திருக்கேன். தண்ணியில கள்ளக் கலந்தத இங்கதான் பாக்குறேன்."

இவர் குடிகாரரா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஒரு வாயில் யாருக்கும் போதை ஏறியதில்லை. குடிக்காதவரா என்றால் அதுவும் இல்லை. அந்த ஒரு வாய்க்காகப் பிற்பகல் மூன்று மணியிலிருந்தே வண்டிக்குள் நெளிய ஆரம்பித்துவிடுவார். அவரையே கேட்டுப் பார்த்தேன். "தெரியலையே, சார். குடிக்கிறவன் என்னயச் சேத்துக்க மாட்டேங்கிறான். குடிக்காதவனும் சேத்துக்க மாட்டேங்கிறான்" என்றார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிப் பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பத்தொன்பது வயதில் விட்டுவந்த ஊர். மதராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. தென்னை இருக்கிறது, பாளை இருக்கிறது, கலயம்தான் இல்லை. அண்ணன் வீட்டில் விருந்துக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள் பழைய கூட்டாளி ஒருவர் வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒரு பாட்டிலை நீட்டினாராம். இவர் மோந்து பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் கவிழ்த்துவிட்டார். மூன்று மாத லீவில் போனவர் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். "அங்க எனக்கு என்ன ஒத்துக்கலன்னே தெரியல, சார். கள்ளு இல்லாததா, கமலவேணி இல்லாததா?" என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கமலவேணி அவர் சம்சாரம். கஜா பெராங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். மகள் மல்லிகாவும் இங்கேதான் பிறந்தாள்; பதினாலு வயது. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிமார்களோ ஒரு வார்த்தை தமிழ் அறியாமல், மலாயில் பேசி, மாரியம்மனுக்குத் தேர் இழுத்துக்கொண்டு பல நூறு வருஷமாக இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எந்த நாட்டுக்காரர் என்று எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. அந்தச் சந்தில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரே ஆள் கலியாணசுந்தரம்தான். பிரஜாவுரிமை மனுவை இந்த ஆகஸ்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சுலபம், மலாய்ப் பரீட்சை கிடையாது. தவறினால் பரீட்சை, விசாரணை என்று இழுக்கும். அதுவரை அவர் ஒருவர் மட்டும் அந்நியர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சங்கதியை மலாக்கா முழுக்க மைக்கில் சொல்லி வந்தவரே அவர்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து ஒரு வருஷமாகப் படத்துக்கு முன்னால் அதே பேச்சு. "தாய்மார்களே, பெரியோர்களே! வாழ்ந்த மண்ணை உங்கள் மண்ணாக்கிக்கொள்ளுங்கள். பிரஜாவுரிமை மனுவில் தாமதிக்காமல் கையெழுத்திடுங்கள்!" கணீரென்ற குரல். ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாக் காட்டுக்கு அப்பால் போய் எதிரொலித்துத் திரும்பும். அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவர் மட்டும் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நீங்க போட்டாச்சா?" என்று யாராவது கேட்டால், "போடணும், போடணும்" என்று மைக் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்.

வண்டி ஓட்டும் ஷரீஃபுதீன் முதல் வாரத்திலேயே கையெழுத்துப் போட்டவர். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைக்க மாட்டார். கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஆகஸ்டு பாதி தாண்டிய ஒரு நாள் அவர் பொறுமை போய்விட்டது.

"என்னண்ணே நீங்க? எந்த மரத்துக் கள்ளு, எந்த மண்ணுக் கள்ளுன்னு ஒரு நிமிசத்துல சொல்றீங்க. நீங்க எந்த ஊரு ஆளுன்னு சொல்ல ஒரு வருசம் பத்தலையா?"

"கையெழுத்துதான்னா போட்டுருவேன், ஷரீஃபு. சத்தியம் பண்ணச் சொல்றாங்களே."

"சத்தியந்தான? பண்ணுங்க. எல்லாரும் பண்றாங்கதான?"

"எல்லாரும் வேற. நான் வேற" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் ஆறு வருஷத்துப் பழசு. அந்தக் காலத்தில் அவர் ஒருவாய்க்காரர் அல்ல, முழுக் கோப்பைக்காரர். மூன்று, நாலு என்று போகும். ஒரு வெள்ளிக்கிழமை கமலவேணி அவரை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சூடம் ஏற்றி, எட்டு வயது மல்லிகாவை முன்னால் நிறுத்தினார். பிள்ளையின் தலைமேல் கைவைத்து இனிமேல் கள்ளைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார் கலியாணசுந்தரம். மனசாரத்தான் செய்தார். எட்டு நாள் தாண்டியது. ஒன்பதாம் நாள் குருபோங்கில் புதிதாகப் பாளை சீவிய மரம். முதல் கள். "ருசி மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினார்கள். ஒரே ஒரு வாய்தானே என்று வாங்கினார்.

அடுத்த வாரம் மல்லிகாவுக்குக் காய்ச்சல். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இடது காது கேட்காமல் போய்விட்டது. கிணற்றுத் தண்ணீரால் வந்த காய்ச்சல் என்றார் டாக்டர். டாக்டர் சொல்வதைக் கலியாணசுந்தரம் நம்புகிறார். மாரியம்மனையும் நம்புகிறார். இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க மட்டும் அவருக்கு வரவில்லை. அன்றிலிருந்து ஒரு வாய்க்கு மேல் இறங்கவும் இல்லை, அந்த ஒரு வாயை விடவும் முடியவில்லை. பாவம், விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

இப்போது அரசாங்கம் இன்னொரு சத்தியம் கேட்கிறது. வேறு எந்த நாட்டின்மேலும் இருக்கும் விசுவாசத்தை அறவே துறந்தேன் என்று கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். கள்ளை விட்டேன் என்று சொல்லி ஒன்பதாம் நாள் வாய்வைத்தவன், ஒரு நாட்டை விட்டேன் என்று சொல்லி எத்தனையாம் நாள் வாய்வைப்பானோ? அண்ணனிடமிருந்து கடுதாசி வந்தால் இன்றைக்கும் அதை நாலு தடவை படிக்கிறார். அது விசுவாசக் கணக்கில் வருமா, வராதா? வந்தால் அது யார் தலையில் விடியும்?

ஆகஸ்டு கடைசி வாரம், இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மல்லிகா மனுவைக் கொண்டுவந்து நீட்டினாள். இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தாள். "எல்லாம் எழுதிட்டேன்பா. ஒங்க கையெழுத்துதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கலியாணசுந்தரம் சோற்றில் கைவைக்கவில்லை. ஆறு வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டார். "நான் அன்னிக்குச் சத்தியத்த மீறினதாலதான இவளுக்குக் காது போச்சு?"

கமலவேணி ரசச் சட்டியைக் கீழே வைத்தார். "நான் எப்பவாச்சும் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலியே. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"டாக்டரு தண்ணின்னாரு. நீங்க கள்ளுங்கிறீங்க. எனக்குத் தெரியாதுங்க. நானும் எம்புள்ளையும் இந்த ஊருல நிப்போம். நீங்க மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." கமலவேணி ரசத்தை ஊற்றினார், சோறு மூழ்கிப் போகிற அளவுக்கு.

மறுநாள் டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பதிவு. வாசல் வரைக்கும் கூட்டம். மல்லிகா அப்பாவோடு வந்திருந்தாள்; கேட்கும் காது அவர் பக்கம் இருக்கட்டும் என்று எப்போதும் போல அவருக்கு இடப்பக்கம் நின்றாள். மேசையில் இருந்த கிளார்க் கருணாகரனுக்கு நாலு நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. கலியாணசுந்தரத்தைப் பார்த்ததும் சாமியே வந்த மாதிரி எழுந்துவிட்டார்.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க! இந்தப் பன்னெண்டு பேருக்கும் சத்தியத்த நீங்க சொல்லிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே."

மனப்பாடம்தான். பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பன்னிரண்டு பேரும் திரும்பச் சொன்னார்கள். தன் கையை மட்டும் அவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முடிந்ததும் கருணாகரன் அவருடைய மனுவை இழுத்து முன்னால் வைத்தார்.

"இப்ப ஒங்களுக்கு."

"தம்பி, ஒரு சந்தேகம். இந்தச் சத்தியத்த மீறினா என்னாகும்?"

கருணாகரன் அச்சடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதப் பத்தி இதுல ஒண்ணும் போடலியேண்ணே."

"மீறினவனுக்கு வருமா? இல்ல, அவன் வீட்டுல இருக்கிறவங்களுக்கு வருமா?"

"அண்ணே, ஒங்களுக்குப் பின்னால நாப்பது பேரு நிக்கிறாங்க."

திரும்பிப் பார்த்தார். நாற்பது பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அவர் மைக்கில் கூப்பிட்டதைக் கேட்டு வந்தவர்கள்.

கலியாணசுந்தரம் வலது கையைத் தூக்கினார். இடது கையை நீட்டி மல்லிகாவின் வலது காதை இறுகப் பொத்திக்கொண்டார். மைக்கில் பேசும் குரலாக அது இல்லை, அவள் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெல்ல ஆரம்பித்தார்: "கலியாணசுந்தரம் ஆகிய நான்..."