எடை எந்த வார்டில்?

பூந்தமல்லிக்காரியான ஷாகிதா, அம்பத்தூரில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். நோயாளியின் எடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்லும் புரோகிராம் அவள் பொறுப்பு. எடை, கிலோவா கிராமா என்ற குறிப்பே இல்லாமல் வெறும் டெக்ஸ்டாக வரும். அதை எண்ணாக மாற்ற வேண்டும். பெரியவர்களுக்குக் கிலோவிலும் பச்சிளங்குழந்தைகளுக்குக் கிராமிலும் வந்ததுதான் சிக்கல்.

"நூத்துக்கு மேல இருந்தா கிராம்னு வச்சுக்கலாம்மா. நாளைக்குக் கொடுத்தாகணும்," என்றார் டீம் லீடர் இருதயராஜ்.

"இன்னா சார், என் மாமா நூத்திப்பத்து கிலோ கீறாரு. அவரைக் குழந்தை ஆக்கிடுமே!"

அவர் சிரித்தார். ஆனாலும் கூடுதல் நாள் தரவில்லை.

ஷாகிதா விடவில்லை. புரோகிராமில் எடையை மாற்றும் பகுதியான ஃபங்ஷனுக்கு அதுவரை எடை மட்டும்தான் போனது. இனி நோயாளியின் எல்லா விவரமும் அடங்கிய ஆப்ஜெக்ட் முழுவதும் போகும்படி திருத்தினாள். அதில் வார்டும் இருந்தது. பச்சிளங்குழந்தை வார்டு என்றால் கிராம், மற்ற வார்டு என்றால் கிலோ. வார்டே இல்லையென்றால் மாற்றாமல் நிறுத்திவிடும்.

மாலையில் ஓட்டிக் காட்டினாள். குழந்தைகளும் பெரியவர்களும் சரியான எடையோடு வந்தார்கள். வார்டு குறிக்காத ஒரு பதிவு மட்டும் சிவப்பாக நின்றது.

"ஏன் நின்னுச்சுன்னு ஆஸ்பத்திரில கேப்பாங்களே?"

"கேக்கட்டும் சார். மருந்து தப்பாப் போறதுக்கு, நிக்கிறதே மேல்."

இருதயராஜ் அதையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.