நான்காம் தாளின் ஒன்பது பிள்ளைகள்

2025 யூன் 12, வியாழன். தரம் 9, கணிதக் கணிப்பீடு. மாணவர் 34. வினாத்தாள் வகை 4.
முதலாம் தாள்: 9 பேர், சராசரி 61.
இரண்டாம் தாள்: 8 பேர், சராசரி 58.
மூன்றாம் தாள்: 8 பேர், சராசரி 63.
நான்காம் தாள்: 9 பேர், சராசரி 34.
யூன் 20, வெள்ளி. முறைப்பாடு 1, கையொப்பம் 7.
யூலை 11, வெள்ளி. இடமாற்றக் கடிதம் 1.

இந்தக் கணக்குகளுக்கு உரியவர் றொஷானி ரீச்சர். வயது முப்பத்திரண்டு. திருகோணமலை நகரில், தபாற் கந்தோரில் வேலை பார்த்தவரின் ஒரே மகள். தகப்பன் இறந்த பிறகு தாய் இன்பமலருடன் உப்புவெளியில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருக்கிறார். தாய்க்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பாடசாலை விட்டதும் ரீச்சர் நேரே வார்ட்டுக்குப் போய், தாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார். முறைப்பாடு கல்விக் கந்தோருக்குப் போனதால் வந்த இடமாற்றக் கடிதம் அவரைக் கிளிவெட்டிக்கும் அப்பால் ஒரு பாடசாலைக்கு அனுப்பியது. ஓகஸ்ட் 18இல் அங்கே கடமையேற்க வேண்டும். போனால் பின்னேரத்துக்குள் திரும்ப ஏலாது. தாயைக் கூட்டிவர வேறு ஆள் இல்லை.

அந்தப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் செயலாளர். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கடல் நீர்மட்டம் வாசித்துப் பதிந்தவன். முறைப்பாடு என் கைக்குத்தான் முதலில் வந்தது. எழுதியவர் உப்புவெளி மீனவர் அஞ்சலோ. மகள் தர்ஷனா எடுத்த புள்ளி 19.

சங்கக் கூட்டத்தில் அவர் கதிரையில் இருக்கவே இல்லை.

"ஹெக்டர் ஐயா, கடல்காரன்ர பிள்ளையளுக்கு ஒரு தாள், கந்தோர்க்காரன்ர பிள்ளையளுக்கு ஒரு தாள். வகுப்பு ஒண்டு, வாத்தியார் ஒண்டு, கணக்கு மட்டும் ஆளுக்கொண்டோ?"

"பாத்து எழுதக் கூடாதெண்டுதான் வேற வேற தாள் குடுத்தனான்" என்றார் ரீச்சர்.

"அப்ப எங்கட பிள்ளையள் ஒண்டையொண்டு பாத்து எழுதித்தானே எல்லாம் சேந்து விழுந்ததுகள்!"

சிலர் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான்காம் தாள் பெற்ற ஒன்பது பேரில் ஏழு பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மற்ற இருவர் சீனன்குடா விமானத் தளத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். அந்த இருவர் எடுத்தவை 71, 68. ஏழு பேரில் ஒருவரும் 30ஐத் தாண்டவில்லை. இது தற்செயல் அல்ல என்று அன்றே குறித்துக்கொண்டேன். ரீச்சர் பிள்ளைகளைப் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார் என்பதே என் சந்தேகம்.

மறுநாள் அவரிடமே கேட்டேன். இந்த முறை மறைக்கவில்லை.

"ஓம் ஐயா, பிரிச்சுத்தான் குடுத்தனான். ஏஐயிட்டக் கேட்டுச் செய்வித்த தாள்கள். கந்தோர்க்காரப் பிள்ளையளுக்குச் சம்பளக் கணக்கு, கடைக்காரப் பிள்ளையளுக்குக் கடைக்கணக்கு, வயல் வீட்டுப் பிள்ளையளுக்கு வயல், கடல் வீட்டுப் பிள்ளையளுக்குக் கடல். தெரிஞ்ச விசயத்தில கேட்டா பயமில்லாமச் செய்வினமெண்டு நினைச்சன். கடல் தாளில ரெண்டு பிரதி மிஞ்சினது. அதை அந்த ரெண்டு பிள்ளையளுக்கும் குடுத்தன்."

"நாலும் ஒரே அளவு கஷ்டமெண்டு ஆர் சொன்னது?"

"அந்த ஏஐதான் சொன்னது. கேட்டனான். சமன் எண்டு எழுதித் தந்தது."

தன் வேலை சரி என்று தானே சான்று எழுதும் ஒன்றை எப்படி நம்புவது? விடைத்தாள்களைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நான்காம் தாளின் மூன்றாம் வினா முப்பது புள்ளி பெறுவது. காலை 6 மணிக்கு இறங்குதுறையில் நீரின் ஆழம் 1 மீற்றர். ஐந்து மணித்தியாலத்தில் நீர் 4 மீற்றர் உயர்கிறது. 2.6 மீற்றர் ஆழம் வந்தால்தான் படகை இறக்கலாம். எத்தனை மணிக்கு இறக்கலாம்? வரைபும் வரைக. கணக்கு எளிது. எட்டு மணி. சீனன்குடாப் பிள்ளைகள் இருவரும் அப்படியே எழுதி முப்பதும் வாங்கியிருந்தார்கள். ஏழு பேரும் வரைபு வரையவே இல்லை. தர்ஷனாவின் தாளில் இரண்டு வரி இருந்தது: "எங்கள் கடலில் தண்ணீர் இப்படி ஏறாது. படகைத் தள்ளித்தான் இறக்குவார்கள்." அதன் பக்கத்தில் சிவப்பு மையில் பூச்சியம்.

என் பழைய பதிவுக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். புயல் நாட்களை விட்டால், வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வித்தியாசம் வந்த நாள் ஒன்றுகூட அவற்றில் இல்லை. கடலைத் தெரியாத பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். தெரிந்தவர்கள் விழுந்தார்கள்.

ரீச்சரைக் கூப்பிட்டு, அந்த ஏஐயிடம் திருகோணமலையில் நீர் எவ்வளவு ஏறும் என்று கேட்கச் சொன்னேன். கைத்தொலைபேசியில் தட்டினார். அரை மீற்றரை ஒட்டி என்று சரியாகவே வந்தது.

"தெரிஞ்சுகொண்டோ நாலு மீற்றர் போட்டது?" என்றேன்.

அதையும் தட்டினார். தவறுக்கு மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி என்று ஒரு பந்தி நீளத்துக்கு வந்தது. இவ்வளவு வேகமாக மன்னிப்புக் கேட்டவர்களைத் துறைமுகத்தில் சிலரைக் கண்டிருக்கிறேன். அவர்களின் வேலையை நான் இரண்டு தரம் சரிபார்ப்பேன்.

ரீச்சர் தர்ஷனாவின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை வாசிச்சனான் ஐயா. வாசிச்சுப்போட்டுத்தான் பூச்சியம் போட்டனான். அது தந்த விடைப்பட்டியலில இது இல்லை."

யூலை 22 அன்று அதிபர் சோமசேகரம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கல்விக் கந்தோருக்கு அனுப்பும் பதில் தயாராக இருந்தது. சங்கச் செயலாளர் கையொப்பமிட இடமும் விட்டிருந்தார்.

"அச்சுப் பிழையெண்டு முடிப்பம். 0.4 மீற்றர், அடிக்கேக்க 4 ஆயிட்டுது, மற்ற அளவும் அப்பிடித்தான். ஆருக்கும் நட்டமில்லை. ஏஐ எண்ட கதையே வேண்டாம், பிறகு எனக்கும் விசாரணை வரும்."

அவர் யாரைக் காப்பாற்றுகிறார் என்பது அந்தக் கடைசி வசனத்தில் தெரிந்தது. ஆனால் அந்தப் பொய் ரீச்சரையும் காப்பாற்றும். அவர் கடிதத்தைக் கையில் எடுத்தார். இரண்டு தரம் வாசித்தார். அன்று செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி நாள். சுவர் மணிக்கூட்டையும் பார்த்தார்.

"வேண்டாம் சேர்."

"ரீச்சர், அம்மாவை யோசியுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். அச்சுப் பிழையெண்டா, ஏழு பிள்ளையளும் பிழையான தாளுக்குப் பிழையா எழுதினதாத்தான் இருக்கும். அதுகள் சரியா எழுதினதெண்டு நான் எழுதித் தர வேணும்."

எழுதினார். ஒன்றரைப் பக்கம். தாள்களை ஏஐயைக் கொண்டு செய்வித்தது, தான் ஒரு தரமும் செய்து பாராதது, பிள்ளைகள் எழுதியதை வாசித்தும் பூச்சியம் போட்டது எல்லாம் அதில் இருந்தன. என் நீர்மட்டப் பதிவில் பன்னிரண்டு மாதப் பிரதியை இணைத்து, சங்கத்தின் பெயரில் நான் கையொப்பமிட்டேன். அதிபர் இடவில்லை. மூலப் பிரதியைப் பார்த்தேன் என்று மட்டும் முத்திரை குத்தினார்.

ஏழு பேருக்கும் உண்மையான அளவுகளுடன் அந்த வினா மறுபடி கொடுக்கப்பட்டது. கூடிய புள்ளி மொத்தம் 173. நான்காம் தாளின் சராசரி 53 ஆனது. மற்றத் தாள்களைவிட இன்னும் குறைவுதான். அதற்குக் காரணம் எனக்குத் தெரியாது.

கடிதப் பிரதியை அஞ்சலோவிடம் கொண்டுபோனேன். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர், மகளைக் கூப்பிட்டு உரத்து வாசிக்கச் சொன்னார்.

"அப்பா, நான் எழுதினது சரியாம்" என்றாள் தர்ஷனா.

"அது எனக்கு அப்பவே தெரியும். ரீச்சருக்கெல்லோ தெரிய வேண்டியிருந்தது." பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, கடலைப்பற்றிப் புளுகினபடியாப் பிடிச்சுப்போட்டம். நாளைக்கு வேற என்னத்தையும்பற்றிப் புளுகினா ஆர் பிடிக்கிறது?"

"செய்து பாக்காமக் குடுக்க மாட்டன் எண்டு எழுதியிருக்கிறா."

"எழுதுறது லேசு." ஆனாலும் முறைப்பாட்டை மீளப் பெறும் தாளில் கையெழுத்துப் போட்டார். அவரையும் சேர்த்து ஏழு பேரில் நான்கு பேர் போட்டார்கள். மூவர் மறுத்தார்கள். அவர்களையும் நான் குறை சொல்லேன்.

யூலை 31இல் விசாரணை நடந்தது, ஐம்பது நிமிடம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ரீச்சர் கிளிவெட்டி பஸ் நேரங்களை எழுதிவைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தாயின் நாட்களை மாற்ற ஏலுமோ என்று கேட்டு, ஏலாது என்ற பதிலும் வாங்கியிருந்தார்.

கடைசிக் கடிதத்தில் மூன்று வரிதான். இடமாற்றம் நீக்கப்பட்டது. எச்சரிக்கை ஒன்று தனிப்பட்ட கோவையில் சேர்க்கப்பட்டது. ஏஐ தயாரிக்கும் வினாத்தாள்களுக்கு ஆசிரியரே முழுப் பொறுப்பு. அதில் இட்டிருந்த திகதி ஓகஸ்ட் 6. கல்விக் கந்தோரிலிருந்து பாடசாலைக்கு நடந்தே வரலாம். இடையில் அது எந்த மேசையில், ஏன் கிடந்தது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கடமையேற்க நான்கு நாள் இருக்க, எங்கள் கைக்கு வந்த திகதி 2025 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை.