பாறை வளைவில் விழும் புள்ளி

"நேத்து நீங்க பள்ளத்துல விழுந்தீங்களா மாமா?"

கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில் அந்தப் பெண் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"விழுந்திருந்தா இங்க நின்னு டீ குடிச்சுக்கிட்டா இருப்பேன்?"

"திரையில அப்படித்தான் காட்டுது. பாதையை விட்டுத் தள்ளி, நேரா கீழ."

"தினமும்தான் விழுறேன். அந்தப் பாறை வளைவு வந்தாலே உன் மெஷினுக்குத் தலை சுத்திடும்."

"மூணு மெஷினுக்குமா?"

"மூணும் ஒரே பக்கமாத்தான் விழும். ஒத்துமையான பிள்ளைங்க."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. அதைச் சரி பண்ணத்தான் எனக்குச் சம்பளம்."

"பண்ணலாம், பண்ணலாம். அவசரமே இல்லம்மா" என்றார் அவர்.

சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவிகள் செய்கிற கம்பெனி அது. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், எந்த வழி என்று அவை சொல்லும். சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க ஒருவர் மலைக்காட்டுப் பாதையில் ஓட்டியாக வேண்டும். அதற்குத்தான் அவர், கைப்பிடியில் மூன்று கருவிகளோடு. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொண்டுவரும் கோடுகள் ஒருநாளும் நேராக இருந்ததில்லை என்பதால் ஆபீசில் அவருக்குப் பெயர் 'கோணல் மாமா'. கோணல் அவருடையதல்ல. தலைக்கு மேல் இலைக்கூரை, பக்கத்தில் செங்குத்துப் பாறை. வானத்திலிருந்து வரும் சிக்னல் பாறையில் மோதித் தாமதமாக வந்து சேரும். சுவரில் பட்டுத் திரும்பிய குரலை நம்பித் தப்பான பக்கம் திரும்பிப் பார்ப்பவனைப் போல, கருவியும் தப்பான இடத்தில் புள்ளி வைக்கும். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

அவசரமில்லை என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மகள் கடல் தாண்டி வேலை பார்த்தாள். இங்கே விடிந்தால் அங்கே சாயங்காலம். அம்மா போனபிறகு, தனியாகக் காட்டுக்குள் போகிற அப்பாவை நினைத்து அவளுக்குப் பயம். அதனால் கருவி காட்டும் புள்ளி அவள் போனிலும் நகரும்படி அவரே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். முதல்முறை புள்ளி பள்ளத்துக்குள் விழுந்தபோது போனில் அழுதுவிட்டாள். விஷயம் புரிந்தபிறகு அதுவே விளையாட்டாகிப் போனது. பாறை வளைவு வந்ததும் போன் அடிக்கும்.

"என்னப்பா, இன்னிக்கும் விழுந்தாச்சா? எலும்பெல்லாம் சரியா இருக்கா?"

"ஒண்ணு குறையுது. அங்க உன் பையில இருக்கா பாரு."

அப்படி ஆரம்பித்தால், அவள் அடுப்பில் வைத்தது தீயும்வரை பேச்சு ஓடும். மற்றபடி அவருடைய நாளில் பேச்சே கிடையாது. சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை. கீழே இஸ்திரி போடுகிற சூட்டில் தரை எப்போதும் வெதுவெதுவென்றிருக்கும். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில்தான் திறக்கும்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள், வேலையில் விடாக்கண்டி. சக்கரத்தில் ஒரு சென்சாரை மாட்டி, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வைத்தாள். பாறைப் பக்கம் வந்ததும் வானத்தைக் குறைவாக நம்பு, சக்கரத்தை அதிகமாக நம்பு என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்தாள். ஒருநாள் கோடு நூல் பிடித்தாற்போல் பாதைமேலேயே உட்கார்ந்தது.

"கோணல் மாமாவுக்கு வேற பேர் தேடணும்டா" என்று ஆபீசே கைதட்டியது.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பாறை வளைவில் நின்றார். போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. புள்ளி ஒழுங்காகப் பாதையில் இருந்தால் கூப்பிட அவளுக்கு என்ன இருக்கிறது? அவரே கூப்பிட்டுப் பார்த்தார். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்ட்டியா, சாப்ட்டேன். அவ்வளவுதான். அந்த வீட்டில் பேச்சென்பது அம்மாவோடு போய்விட்டிருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். அதைத் தள்ளிக்கொண்டு, ஈர இலைகளில் கால் வழுக்க வழுக்க, பாதையை விட்டுச் சரிவில் இறங்கினார். பாதிச் சரிவில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது.

"என்னப்பா, மெஷினுக்கு மறுபடியும் கிறுக்குப் பிடிச்சிடுச்சா?"

"ஆமாம்மா" என்றார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அவர் இறங்கினார்.

ஆபீசில் அந்தப் பெண்ணுக்கு, பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. கோடு மறுபடியும் பள்ளத்தில். தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்து, சாப்பாட்டைக்கூட மறந்து, கருவியைத் திருத்தித் திருத்திப் பார்த்தாள். கோடு விழுந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில்தான் சக்கரத்தின் எண்ணிக்கையைப் பார்த்தாள். வானம் பொய் சொல்லும்போது சக்கரம் அதோடு ஒத்துப்போகாது. இங்கே இரண்டும் ஒத்துப்போயின. சக்கரம் உண்மையாகவே கீழே உருண்டிருந்தது, மெதுவாக, தள்ளிக்கொண்டு போகிற வேகத்தில்.

அன்று அவர் திரும்பிவந்தபோது சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவள் காத்திருந்தாள்.

"மெஷின் தப்பா காட்டல மாமா. நீங்கதான் இறங்கியிருக்கீங்க."

அவர் செருப்பிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டினார்.

"வழுக்கி விழுந்தா தூக்கிவிட அங்க யார் இருக்கா? எதுக்கு மாமா இந்த வேலை?"

அவர் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அவள் கைகட்டி நின்று கேட்டாள்.

"நீங்களே தினமும் கூப்பிடலாமே?"

"கூப்பிட்டா, பாவம், பதில் சொல்லணுமேன்னு சொல்றா. புள்ளி விழுந்தா, அவளா பேசுறா."

அவர் கைப்பிடியிலிருந்து, மகளின் போனோடு இணைந்திருந்த கருவியை மட்டும் கழற்றித் துண்டால் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"இனிமே இறங்கமாட்டேம்மா, சத்தியமா. நான் பாதையிலேயே நின்னுக்கிறேன், இதுல புள்ளி மட்டும் விழட்டும். அப்படி ஒண்ணு பண்ணித் தர முடியுமா?"