இன்னும் மூன்று கிலோமீட்டர்

அமலராணிக்குக் கண் தெரியாது. பாலக்கரையில் ஒரு மருத்துவமனையில் போன் எடுக்கிற வேலை. விடியற்காலையில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் அவள் ஓடும்போது எதிரே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, அவள் கையையும் வழிகாட்டியாகப் பக்கத்தில் ஓடும் மகாலட்சுமியின் கையையும் இணைக்கும் ஒரு முழக் கயிற்றைத்தான். முப்பத்தொரு வயதில் பத்து கிலோமீட்டரை அறுபத்தைந்து நிமிடத்துக்குள் முடித்தால், மாநிலப் போட்டிக்குப் போகும் மாவட்ட அணியில் அவளுக்கு இடம்.

அணித் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, ஒத்திகையைக் கெடுத்தவள் மகாதான். ஏழாவது கிலோமீட்டரில் அமலராணிக்கு மூச்சு இரைத்தது. அதைக் கேட்கப் பொறுக்காமல் மகா, "இதோ வந்துருச்சுக்கா, இன்னும் அரை கிலோமீட்டர்தான்" என்று சொல்லிவிட்டாள். அமலராணி இருந்த பலத்தையெல்லாம் அந்த அரை கிலோமீட்டரில் கொட்டினாள். முடிவு வரவில்லை. கால் நின்றுவிட்டது. நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, நீ என்ன பஸ் கண்டக்டரா? எங்க கேட்டாலும் 'இதோ வந்துருச்சு'ன்னு!"

"உங்களுக்குத் தெம்பா இருக்கட்டும்னுதான்க்கா..."

"போன்ல காத்திருக்கவங்ககிட்ட 'டாக்டர் இதோ வர்றாங்க'ன்னு சொன்னா ரெண்டே நிமிஷத்துல கத்துவாங்க. 'இருபது நிமிஷம் ஆகும்'னு சொல்லிப் பாரு, பேசாம இருப்பாங்க. எவ்வளவுன்னு தெரிஞ்சா தாங்கிக்கலாம்டி."

அமலராணி கோபப்பட்டிருந்தால்கூட மகாவுக்குப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டி, மீதித் தூரத்தை நடந்தே முடித்தாள். வாரம் முழுக்க மகாவுக்கு உறுத்தியது. அக்காவுக்குத் தெம்பு கொடுக்கத்தான் பொய் சொன்னோமா? இல்லை, அவள் மூச்சு வாங்குவதைக் கேட்க நம்மால் முடியவில்லையா?

தேர்வு நாள். ஆடிக் காற்று. ஏழாவது கிலோமீட்டர் முடிந்த இடத்தில் காவிரிப் பாலம் தொடங்கியது. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைப் பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்வது அமலராணியின் வழக்கம்.

"எத்தனைக்கா?"

"ஒன்பது. இன்னும் எவ்வளவு இருக்கு?"

அதே பொய் மகாவின் நாக்கு நுனிவரை வந்தது.

"மூணு கிலோமீட்டர். பாலம் முழுக்கக் காத்து இப்படித்தான் அடிக்கும்."

அமலராணி தோளைத் தளர்த்தினாள். அடியைக் கொஞ்சம் குறுக்கினாள். இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் கயிற்றில் லேசாயின. பாலத்தின் பாதியில் அவளே சொன்னாள்:

"இப்ப எட்டு."

காற்று குறையவில்லை. கால்களும் அதே கால்கள்தான். ஒன்பது எங்கே போனது என்று மகாவுக்கு விளங்கவில்லை.

"கடைசி முந்நூறு மீட்டர்க்கா."

"நெஜமா?"

"சத்தியமா."

கயிறு வெடுக்கென்று முன்னால் இழுத்தது. இப்போது இழுத்துக்கொண்டு ஓடுவது அமலராணி. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது அறுபத்து நான்கு நிமிடம், நாற்பது நொடி.

இருவரும் குனிந்து நின்றார்கள். கயிற்றை அவிழ்க்காமலே அமலராணி கேட்டாள்:

"உனக்கு எத்தனைடி?"

ஆறு என்று சொல்லத்தான் மகா வாயெடுத்தாள்.

"பத்துக்கா" என்றாள்.